ஆடாமல், அழுந்தாமல்: பழைய மினியேச்சர்களைச் சேலத்திலிருந்து விற்று அனுப்புவது

மேசை விளையாட்டு மினியேச்சர்களை, அதாவது மேசைமேல் நகர்த்தி ஆடும் சின்னச் சின்ன வீரர், பூத உருவங்களை (சுருக்கமாக மினி), சேலத்துக்குள்ளேயே வாங்க ஆள் கிடைப்பது அபூர்வம். வாங்குகிறவர் பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோ மும்பையிலோ இருப்பார். ஆகவே இங்கே மினி விற்பது என்றாலே பார்சல் போடுவது என்றுதான் பொருள். புதிதாக விற்க வருகிறவர் விலை பேசுவதையே நினைத்துக் கவலைப்படுவார். கையைக் கடிப்பது என்னவோ வழியில் முறிந்த ஈட்டிதான். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும் பங்கு பெட்டி கட்டுவதைப் பற்றியே இருக்கும்.

பழைய மினிக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று தயங்க வேண்டாம். பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்து, அதைப் பொம்மை இனத்தில் வைத்து வரி போட்டுவிட்டால், கடை விலையும் வரியும் கப்பல் கூலியும் சேர்ந்து கண்ணைக் கட்டும். உள்ளூரில் கைமாறும் பழைய மினிக்கு அந்தச் சுமை கிடையாது. தேடி வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

முதலில் எது எந்தப் பொருள் என்று பிரியுங்கள்

ஒட்டுவது, கழுவுவது, கட்டுவது எல்லாமே மினி எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. நான்கு வகைதான் பெரும்பாலும் கைக்கு வரும்.

பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்ந்து வந்து, வெட்டி எடுத்து ஒட்டியது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். கெட்டியாக இருக்கும், எடை இருக்காது. வார்ஹாம்மர் என்ற மேசைப் போர் விளையாட்டின் மினிகளில் இப்போது வருபவை பெரும்பாலும் இதுதான். மினியின் கையிலுள்ள கத்தியை வளைத்தால் ரப்பர் மாதிரி வளைந்து திரும்பினால் அது பி.வி.சி. போர்டு கேம் பெட்டிகளில் வருபவை பெரும்பாலும் இந்த வகை. கையில் எடுத்ததும் கனம் தெரிந்தால் உலோகம். வளைக்கப் போனால் பட்டென்று முறியும் சுபாவம் ரெசினுக்கு. 3டி பிரிண்டரில் எடுத்த ரெசின் மினிகளை உற்றுப் பார்த்தால், சரிவான பரப்பில் மெல்லிய படிக்கட்டுக் கோடுகள் தெரியும்.

1990-களின் பாதிக்கு முன் வந்த உலோக மினிகளில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஈயம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை ஊதக் கூடாது, உலர்ந்த துணியால் தட்டவும் கூடாது. ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போகிறது என்றால் ஈயம் பற்றி வாங்குகிறவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

துடைப்பதும் ஒட்டுவதும்

தூசிக்கு மேக்கப் பிரஷ் போதும், மெத்தென்று இருக்கிறதைப் பார்த்து வாங்குங்கள். பெயின்ட் அடிக்காத மினியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பழைய பல் பிரஷால் தேய்க்கலாம். பெயின்ட் அடித்ததை நனைக்க வேண்டாம். பேஸில், அதாவது மினி நிற்கும் அடித்தட்டில், ஒட்டிய மணலும் புல்லும் வெள்ளைப் பசையில்தான் நிற்கின்றன, ஊறினால் உதிர்ந்துவிடும்.

அடுத்து ஒவ்வொரு மினியையும் எடுத்து கை, தலை, ஆயுதம், முதுகுப் பை என்று விரல் நுனியால் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைவதெல்லாம் கூரியரில் கழன்றுவிடும். இங்கேயே கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, திரும்ப ஒட்டுவது நல்லது. பாலிஸ்டைரீனுக்குப் பிளாஸ்டிக் சிமென்ட்தான். அது இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். உலோகம், ரெசின், பி.வி.சி. மூன்றுக்கும் ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூ. அது இழுவையைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்த உலோக மினியில் கை கழன்று கிடப்பது அதனால்தான். கனமான உலோகக் கையாக இருந்தால் இரண்டு பக்கமும் 1 மி.மீ. துளை போட்டு, சின்னக் கம்பி ஒன்றை நடுவில் செருகி ஒட்டினால் பிழைக்கும். சூப்பர் குளூவை அள்ளி விட்டால் சுற்றிலும் வெள்ளையாகப் படரும், பெயின்ட் வேலை பாழ். குண்டூசி முனையில் எடுக்கும் அளவே அதிகம்.

அசிங்கமாக அடித்த பெயின்ட்டை உரித்துவிட்டு விற்கலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம் என்பதே நமது பதில். உரித்த மினிக்கும் மோசமாக அடித்த மினிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் வராது, வேலையோ ஒரு வாரம் இழுக்கும். உரித்தே தீர வேண்டுமென்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பிரஷால் தேய்க்கலாம். கையுறை வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்பு இருக்கக் கூடாது. அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், அது பாலிஸ்டைரீனையே கூழாக்கிவிடும். டெட்டாலில் ஊறவைப்பவர்களும் உண்டு. அதில் ஒரு கண்ணி இருக்கிறது: ஊறிய மினியை நேரே தண்ணீரில் கழுவினால் பெயின்ட் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், கழன்று வராது. டெட்டாலிலேயே பிரஷை நனைத்துப் பெயின்ட் முழுவதும் போன பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும்.

விவரம் எழுதுவது

பழைய பொருள் சந்தையில் பெயர் ஒருமுறை கெட்டால் திரும்ப ஏறுவது கஷ்டம். வட்டம் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒவ்வொரு மினிக்கும் இவ்வளவாவது எழுதுங்கள்: எந்த விளையாட்டு, எந்தப் படை, எத்தனை உருப்படி, என்ன பொருள், சட்டத்திலேயே இருக்கிறதா, ஒட்டியதா, பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) மட்டுமா, முழுப் பெயின்ட்டா, எந்தப் பாகம் இல்லை, எது உடைந்து ஒட்டியது, பேஸ் அளவு என்ன.

பேஸ் அளவைப் பலர் விட்டுவிடுவார்கள். வார்ஹாம்மரின் கவச வீரர்களான ஸ்பேஸ் மரீன்களில் பழையவை 25 மி.மீ. வட்டப் பேஸில் வந்தவை, பிறகு அது 32 மி.மீ. ஆனது. 2017-இல் உயரமான பிரைமாரிஸ் மரீன்கள் வந்தபின் பழைய உருவங்களைத் தேடுபவரும் புதியதைத் தேடுபவரும் வேறு வேறு ஆட்கள். உங்கள் வீட்டில் ஸ்கேல் இல்லையென்றால் 10 ரூபாய் நாணயத்தை வைத்துப் பாருங்கள். அது 27 மி.மீ. குறுக்களவு. அதைவிடக் கொஞ்சம் சின்ன பேஸ் என்றால் 25.

அச்சு எடுத்த போலி உருவங்களை ‘ரீகாஸ்ட்’ என்பார்கள். மூக்கு, விரல், கவச விளிம்பு மழுங்கியிருப்பது, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருப்பது, ரெசினின் நிறம் அசலோடு ஒத்துப்போகாதது ஆகியவை அடையாளம். உங்களுக்கே அப்படி ஒன்று தலையில் கட்டப்பட்டிருந்தால், அதை அசல் என்று அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். 3டி பிரிண்ட் என்றால் அதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

படத்துக்குக் காலை ஒன்பது மணி வாக்கில் ஜன்னலோரம் போதும், நேர் வெயில் வேண்டாம். பின்னால் சாம்பல் நிறச் சார்ட் அட்டையை வளைத்து வையுங்கள். வெள்ளை அட்டை வைத்தால் ஃபோன் கேமரா மினியைக் கறுப்பாக்கிவிடும். முன், பின், ஒரு பக்கம், உடைந்த இடம் என்று நான்கு படம். ஒரு படத்திலாவது உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச்சீட்டு தெரிய வேண்டும். பொருள் கையில் இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

விலை

ஈபே தளத்தில் தேடும்போது ‘விற்று முடிந்தவை’ என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், விற்ற விலைதான் விலை. தோராயமாக, சட்டத்திலிருந்து வெட்டாத பெட்டிக்குக் கடை விலையில் முக்கால் பங்கு, சுத்தமாக ஒட்டிய பெயின்ட் அடிக்காததற்குப் பாதி, சுமாராக அடித்ததற்குப் பாதிக்குக் கீழே என்று தொடங்கிப் பேசலாம். நல்ல கை அடித்த பெயின்ட் என்றால் கணக்கே வேறு. ஆனால் அடித்தவர் நீங்களே என்றால் உங்கள் உழைப்பின் மதிப்பை நீங்களே போடாதீர்கள், இன்னொருவரைப் போடச் சொல்லுங்கள்.

மொத்தமாக விற்றால் சீக்கிரம் போகும், விலை குறையும். தனித்தனியாக விற்றால் பெட்டி, டேப், கூரியர் கடைக்கு நடை எல்லாம் பத்து மடங்கு. இரண்டு மூன்று அரிய உருவங்களை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மீதியைப் படையாக விற்பது பெரும்பாலோருக்குச் சரிப்படும். கூரியர் கூலி விலைக்குள் அடக்கமா, தனியா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பணம் வந்த பிறகே பார்சல். ‘காசு அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். யுபிஐ-யில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை, பின் போட்டால் உங்கள் காசுதான் போகும். பணம் வந்ததா என்பதை எதிராளி அனுப்பும் படத்தில் பார்க்காமல் உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

பெட்டி

சேலத்தில் மாம்பழம் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். பழம் பெட்டிக்குள் உருளவும் கூடாது, ஒன்றன் மேல் ஒன்று அழுந்தவும் கூடாது. மினிக்கும் இதே இரண்டு விதி. பெட்டிக்கு வெளியே விழும் அடியைவிட, உள்ளே ஒன்றோடொன்று மோதுவதே அதிகம் உடைக்கும். ஆடாமல் இருக்க இறுக்கிக் கட்டப் போய் ஈட்டியை வளைத்துவிடுவது அடுத்த தப்பு.

முதலில் எதை வைக்கக் கூடாது என்று சொல்லிவிடலாம். பஞ்சு கூடாது, இழை ஈட்டியிலும் விரலிலும் சுற்றிக்கொள்ளும், வார்னிஷில் ஒட்டும். வைக்கோல் பழத்துக்குச் சரி, மினிக்குத் தூசியும் பூச்சியும். பொடித்த தெர்மாகோல் மணி நிலைமின்சாரத்தால் எங்கெங்கோ அப்பிக்கொள்ளும். அச்சடித்த செய்தித்தாள் நேராகப் பட்டால் வெளிர் நிறப் பெயின்ட்டில் மை ஏறும், வெளிப்பெட்டியில் இடம் நிரப்ப மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

குமிழ் உறையை (பபிள் ராப்) நேரே பெயின்ட் மேல் சுற்றாதீர்கள். வெயிலில் நிற்கும் கூரியர் வேனுக்குள் சூடேறி, வார்னிஷ் லேசாக இளகி, வட்ட வட்டமாகத் தடம் பதியும். நடுவே ஒரு அடுக்கு மெல்லிய டிஷ்யூ காகிதம் வேண்டும். புதிதாக வார்னிஷ் அடித்ததென்றால் ஒரு வாரமாவது திறந்து வைத்துவிட்டுக் கட்டுங்கள்.

இனி கட்டும் வரிசை. காலாட்படை அளவுள்ள பத்து மினிகளுக்கு எழுதுகிறோம்.

1. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். பறக்கும் உருவங்களின் கண்ணாடி மாதிரிக் கம்பி, காந்தம் வைத்த கைகள், டாங்கியின் ஆன்டெனா எல்லாம் தனிச் சின்ன ஜிப் பையில். பையின் மேல் எது எதற்கு என்று எழுதுங்கள்.

2. நீட்டிக்கொண்டிருக்கும் ஈட்டி, கொடிக்கம்பு ஆகியவற்றின் மேல் ஒரு துண்டு உறிஞ்சுகுழலை நீளவாக்கில் பிளந்து மாட்டுங்கள். முனைக்கு மேல் குழல் அரை செ.மீ. நீண்டிருக்க வேண்டும். அடி விழுந்தால் குழல் தாங்கும்.

3. டிஷ்யூவை இரண்டு சுற்றுத் தளர்வாகச் சுற்றுங்கள். கை, கால் இடுக்குகளில் சின்ன டிஷ்யூ உருண்டை திணித்தால் ஆயுதத்துக்குத் தாங்கு கிடைக்கும்.

4. அதற்கு மேல் மெல்லிய ஃபோம் தாள் அல்லது குமிழ் உறை, குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. ஆப்பிளுக்கு மாட்டி வரும் வெள்ளை ஃபோம் வலை பழக்கடையில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். டிஷ்யூ சுற்றிய மினியை அதில் செருகினால் அளவெடுத்த மாதிரி உட்காரும். டிஷ்யூ இல்லாமல் செருகினால் வலைக் கண்ணில் கத்தி மாட்டும், வாங்கியவர் இழுக்கும்போது முறியும்.

5. இந்தப் பொட்டலங்களை ஒரு கெட்டியான உள்பெட்டியில் நிற்கவைத்து அடுக்குங்கள். சுமார் 20×15×8 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் டப்பா பத்துக்குப் போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவே அட்டைத் தடுப்பு. மூடியை மூடும்போது லேசாக எதிர்ப்பு தெரிய வேண்டும், அழுத்தி மூடும் நிலை வரக் கூடாது.

6. டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் திறந்து நிரப்புங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

7. டப்பாவை ஒரு பாலிதீன் பையில் போட்டு டேப் ஒட்டுங்கள். மாம்பழ சீசனில் உங்கள் பெட்டிக்கு மேல் பழப் பெட்டி ஏறும், கனிந்த பழத்தின் சாறு கீழே வரும். மழைக்கும் அதே பைதான் காப்பு.

8. வெளிப்பெட்டி ஐந்தடுக்கு நெளி அட்டையாக இருக்கட்டும். மருந்துக் கடைப் பழைய பெட்டி என்றால் மூலைகள் நசுங்காததாகப் பாருங்கள். ஆறு பக்கமும் கசக்கிய காகிதம் வைத்து டப்பாவை நடுவில் உட்காரவையுங்கள்.

9. இரண்டு அங்குல டேப்பை மூடியின் நடுப் பிளவிலும் இரண்டு ஓரப் பிளவுகளிலும் ஓட்டுங்கள், அடியிலும் அதே மாதிரி. முகவரியை ஒரு சீட்டில் எழுதி உள்ளேயும் போடுங்கள். வெளிச் சீட்டு கிழிந்துபோனால் பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு அதுதான் துணை.

வெளிப்பெட்டியின் அளவில் கூரியர் கூலி ஒளிந்திருக்கிறது. விமானத்தில் போகும் பார்சலுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வது கூரியர்களில் வழக்கமான கணக்கு. நிஜ எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது பெரிதோ அதற்குக் காசு. மேலே சொன்ன டப்பாவைச் சுற்றி 5 செ.மீ. இடைவெளி விட்டால் பெட்டி 30×25×18, அதாவது 2.7 கிலோ. 2.5 செ.மீ. விட்டால் 25×20×13, அதாவது 1.3 கிலோ. உள்ளே இருப்பதோ அரைக் கிலோ பிளாஸ்டிக். காலாட்படைக்கு 2.5 செ.மீ. இடைவெளியை இறுக்கமாக நிரப்பினாலே போதும். ரெசினுக்கும் இறக்கை விரித்த பெரிய பூதங்களுக்கும் 5 செ.மீ. விடுங்கள், அங்கே கஞ்சத்தனம் ஆகாது.

உலோக மினிகளைப் பிளாஸ்டிக்கோடு ஒரே டப்பாவில் போடவே கூடாது. பெட்டி கவிழ்ந்தால் உலோகம் சுத்தியலாகிவிடும். பேஸின் அடியில் காந்தம் ஒட்டி இரும்பு பிஸ்கட் டின்னில் நிற்கவைத்து அனுப்பும் யோசனையும் பலருக்கு வரும். நண்பர் வீட்டுக்கு பைக்கில் எடுத்துப் போக அருமையான ஏற்பாடு. கூரியரில் ஒரே ஒரு பக்கவாட்டு அடியில் காந்தம் வழுக்கும், பிறகு டின்னுக்குள் எல்லாம் பந்தாடும்.

பெயின்ட் ஸ்பிரே டின்னையும் தின்னரையும் மினியோடு ‘இலவசமாக’ அனுப்ப நினைக்காதீர்கள். தீப்பிடிக்கும் பொருள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், பிடிபட்டால் மொத்தப் பார்சலும் நிற்கும்.

எதில், எப்போது

விலை உயர்ந்ததைத் தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபாலைக் கேட்டுப் போய் நிற்க வேண்டாம், 2025 செப்டம்பர் 1 முதல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. தனியார் கூரியர் என்றால் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். தொலைந்தால் எவ்வளவு தருவார்கள் என்ற உச்சவரம்பு அங்கேதான் இருக்கும், பெரும்பாலும் அது உங்கள் மினியின் விலைக்கு அருகில்கூட வராது. காப்பீடு உண்டா, உடைந்தாலும் தருவார்களா, தொலைந்தால் மட்டுமா என்பதைக் கவுன்டரில் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஆம்னி பஸ்ஸில் போட்டால் பெங்களூருக்கு மறுநாள் காலையே போய்விடும். ஆனால் டிக்கியில் என்ன ஏறும் என்று தெரியாது, எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. வாங்குகிறவரே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து எடுப்பதாக இருந்தால், கெட்டியான பிளாஸ்டிக் படைக்கு மட்டும் இதைச் சொல்லலாம்.

திங்கள், செவ்வாயில் அனுப்புங்கள். வெள்ளியன்று கொடுத்தால் ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கும். சேலத்தில் ஏப்ரல், மே வெயிலில் தகரக் கூரைக் கிடங்கு அடுப்பு மாதிரி. பி.வி.சி. வாளும் மெல்லிய ரெசின் ஈட்டியும் அந்தச் சூட்டில் வளைந்து அப்படியே நின்றுவிடும். முடிந்தால் இவ்விரண்டையும் ஆடிக்குத் தள்ளிப்போடுங்கள். வளைந்துவிட்டால், கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில், கொதிக்கும் தண்ணீரில் அல்ல, அரை நிமிடம் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் பிடிக்கலாம். இந்தக் குறிப்பை வாங்குகிறவருக்கும் எழுதி அனுப்புங்கள்.

ஏற்காட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு

மலையில் பிரச்சினை சூடு கிடையாது, ஈரம். மூடுபனி இறங்கிய நாளில் மேட் வார்னிஷை ஸ்பிரே செய்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், அடித்த பெயின்ட் எல்லாம் சாம்பல் பூசியது போலாகும். வெயில் அடிக்கும் நாளின் நடுப்பகலுக்குக் காத்திருங்கள். நெளி அட்டையும் ஈரம் குடித்தால் பலம் இழக்கும். பெட்டியை வராந்தாவில் போட்டு வைக்காமல் அலமாரிக்குள் வைத்து, கட்டும் நாளில் எடுங்கள். அழுத்திப் பார்த்து மூலை நெகிழ்ந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அதுதான். சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். பெட்டி பக்கவாட்டில்தான் அதிகம் ஆடும், அதனால் மேல் கீழ் நிரப்பியதைவிடப் பக்கங்களை இறுக்கமாக நிரப்புங்கள்.

அனுப்பிய பிறகு

கட்டும்போது ஃபோனில் வெட்டில்லாத ஒரு வீடியோ எடுத்து வைத்திருங்கள்: மினிகள், டப்பா, குலுக்கல், ஒட்டிய பெட்டி, முகவரி. ரசீதின் படத்தையும் கண்காணிப்பு எண்ணையும் அன்றைக்கே வாங்குகிறவருக்கு அனுப்புங்கள். அவரும் பெட்டி திறப்பதை வீடியோ எடுக்க வேண்டும், உடைசல் இருந்தால் இரண்டு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று பணம் வாங்கும் முன்பே பேசி முடியுங்கள்.

வழியில் உடைந்தால் பொறுப்பு விற்றவருடையது என்பதே இந்த வட்டத்தில் நடைமுறை. ஒட்டினால் சரியாகும் உடைசலுக்கு விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து முடிப்பது, திரும்ப வரவழைத்து இன்னொரு கூரியர் கூலி கட்டுவதைவிட மலிவு. உடைந்த துண்டு பெட்டிக்குள் எங்காவது இருக்கும், டிஷ்யூவைத் தூக்கி எறியும் முன் ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.